ஐஓபியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியார் யார்? நம் ஊர்க் கிட்டங்கிகளுக்கும் அவருக்கும் என்ன உறவு?

கேள்வி: எங்கள் பாட்டி மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் ‘யுனைடெட் ஏசியன் பேங்க்’ சேமிப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்த பேங்க் அதற்கு முன் ஐஓபியாக, அதாவது இந்தியன் ஓவர்சீஸ் பேங்காக இருந்தது, அதை ஆரம்பித்தவர் ஒரு செட்டியார் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் யார்? இங்கே வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களில் ஒருவரா? அந்த பேங்க் இப்போது எங்கே?

பதில்:

தம்பி, கதைக்கு முன்னால் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யுனைடெட் ஏசியன் பேங்கின் கணக்குகள் பல கைமாறி இன்று சிஐஎம்பி வங்கியின் பொறுப்பில் வருகின்றன. புத்தகத்தையும் பாட்டியின் ஐசி (அடையாள அட்டை) நகலையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு முதலில் சிஐஎம்பி கிளையில் விசாரியுங்கள். ஏழு வருடத்துக்கு மேல் யாரும் தொடாத கணக்கின் பணத்தை வங்கி வைத்திருக்க முடியாது. 1965-ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டப்படி அது அரசுக் கணக்காளர் துறையின் பதிவாளரிடம் போய்விடும். ‘இ-குமிஸ்’ என்ற அரசாங்க இணையத்தளத்தில் ஐசி எண்ணைப் போட்டு இலவசமாகத் தேடலாம். பாட்டியின் பழைய ஐசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். 12 இலக்க எண் 1990-இல்தான் வந்தது. தோட்டத்துக் கிராணியார், அதாவது எழுத்தர், எழுதிய பெயர் ஒன்று, ஐசியில் உள்ள பெயர் இன்னொன்று என்பது நம் பாட்டிமார் காலத்தில் சர்வ சாதாரணம். நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பெயர்க் குழப்பத்தால் நின்றுபோன கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி செட்டியார்.

நீங்கள் கேட்பவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908 ஆகஸ்ட் 2-இல் பிறந்தவர். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கியபோது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1954 மார்ச் 13-இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தபோது வயது 45. இந்த 17 வருடத்தில் அவர் செய்த காரியங்கள்தான் நம் கதை. சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ. சிதம்பரம் வேறு ஆள். அவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். இரண்டு பேரையும் ஒருவராக நினைத்து மேடையில் பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.

அவர் நம் ஊரில் கடை போட்டு உட்கார்ந்த செட்டியார் அல்ல. ஆனால் இங்கே கடை போட்டவர்களின் தொழிலையும் அதன் பலவீனத்தையும் உள்ளும் புறமும் தெரிந்த குடும்பம் அவருடையது. அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அவர் ஏன் வங்கி தொடங்கினார் என்பது புரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒரு அதிகாரி, சின்ன வயதில் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். கிட்டங்கி என்றால் நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் தரையில் பாய். ஒவ்வொரு பாயிலும் சாய்வான மூடி போட்ட ஒரு மரக் கைப்பெட்டி, பின்னால் பெட்டகம். ஒரே கூடத்துக்குள் பல கடைகள். ஒவ்வொரு கடையும் ஒரு விலாசம், அதாவது குடும்பத்துப் பெயர்களின் முதல் எழுத்துகள். எம்.சி.டி.எம். என்பதும் அப்படி ஒரு விலாசம்தான். பினாங்குத் தெருவிலும், கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இப்படிக் கூடங்கள் வரிசையாக இருந்தன.

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே உட்கார்ந்திருப்பவர் அவருடைய ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறி வருவார். குடும்பம் ஊரிலேயே இருக்கும். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வரும் பையனுக்குக் கூட்டிப் பெருக்குவதும், ஓலை கொண்டு போய்க் கொடுப்பதும், கூடவே கணக்கு எழுதக் கற்றுக்கொள்வதும் வேலை. குறிப்பில் அன்றன்றைக்கு எழுதி, பேரேட்டில் ஏற்றி, கணக்கு முடியும்போது ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் இருப்புக் கணக்கு) போட வேண்டும். தப்பில்லாமல் எழுதக் கற்றவன் அடுத்த பயணத்தில் அடுத்தாளாக வருவான், அதற்கடுத்த பயணத்தில் தானே ஏஜெண்டாக வருவான். நல்ல ஏஜெண்டு கொஞ்சம் பணம் சேர்த்து ஒருநாள் சொந்த விலாசம் போடுவார். இன்று வங்கியில் மேனேஜ்மென்ட் டிரெய்னி என்று எடுக்கிறார்களே, அவர்கள் இத்தனை கீழிருந்து தொழில் கற்பதில்லை. அந்த அதிகாரி மனக்கணக்கில் வட்டி சொல்லும் வேகத்துக்கு எங்கள் கால்குலேட்டர் ஈடுகொடுத்ததில்லை.

கடன் கொடுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? முதலாளியின் முதல்பணம் கொஞ்சம். அதற்கு மேல் சொந்தக்காரர்கள் போட்டு வைக்கும் மேம்பணம், ஆச்சிமாரின் சீர்ப்பணம், கோயில் பணம். இவற்றுக்கெல்லாம் வட்டி உண்டு. ரங்கூனில் நடப்பு வட்டி எவ்வளவு என்பதை மாதந்தோறும் முருகன் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். கடவுள் முன்னால் பேசிய வட்டியை மீறுவது எளிதல்ல. ஆக உள்ளே ஒழுங்கு பலமாக இருந்தது. வெளியே, அதுவும் போதாதபோது, வெள்ளைக்காரர்களின் செலாவணி வங்கிகளிடமும் கடன் வாங்கினார்கள். சார்ட்டர்ட் பேங்க், மெர்க்கன்டைல் பேங்க் போன்றவை. இடம் இவர்களுக்குத் தெரியும், ஆளைத் தெரியும், வாங்கியவன் திருப்பித் தருவானா என்பதும் தெரியும். ஆனாலும் அந்த வங்கிகளின் படியில் ஏறும்போது இவர்கள் கடன்காரர்கள்தான். கடல் தாண்டிப் பணம் அனுப்புவதிலும் அந்தச் செலாவணி வங்கிகளின் கைதான் ஓங்கியிருந்தது.

கிட்டங்கிச் செட்டியார் இங்கே யாருக்குக் கொடுத்தார்? தௌக்கே எனப்படும் சீன முதலாளிகளுக்கு, மலாய் நிலக்காரர்களுக்கு, குத்தகைக்காரர்களுக்கு, அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு, சின்னத் தோட்ட முதலாளிகளுக்கு, மளிகைக் கடைக்காரர்களுக்கு. பால் வெட்டும் உங்கள் பாட்டி அவரிடம் நேராகப் போயிருக்க மாட்டார். ஆனால் தோட்டத்துக் கடைக்காரர் செட்டியாரிடம் வாங்கி, அரிசியையும் பருப்பையும் பற்று எழுதிக் கொடுப்பார். கங்காணி எங்கேயோ வாங்கி லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், உள்ளவர்களுக்குக் கைமாற்று கொடுப்பார். செட்டியாரின் வட்டி அரிசி விலைக்குள் ஒளிந்துகொண்டு லயம் வரை வந்தது. ஆணுக்கு நாளைக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்பது நல்ல காலத்துக் கூலி. அதில் எவ்வளவு பற்றுக்குப் போனது என்று சம்பள நாளில் கடை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பிறகு 1930 வந்தது. ரப்பர் விலை பவுண்டுக்குச் சில சென்டுகள் என்று விழுந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, செட்டியார் கையில் நிலம் வந்து சேர்ந்தது. பர்மாவில் இது எந்த அளவுக்குப் போனது பாருங்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937-இல் அது 25 விழுக்காடு. கேட்கச் செழிப்புபோல் இருக்கும். உண்மையில் அது ஆபத்து. கொடுத்த பணம் நிலமாக உறைந்துவிட்டால், ஊரில் மேம்பணம் போட்ட ஆச்சி திருப்பிக் கேட்கும்போது எதைக் கொடுப்பது? அதோடு, பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தை வெளியூர்க்காரன் வாங்கிவிட்டான் என்ற கோபமும் சேர்ந்தது. மலாயாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913-இலேயே வந்து, 1933-இல் இன்னும் இறுக்கப்பட்டது. அதற்கு ஒரு காரணம், அடமானத்தில் நிலம் செட்டியார் கைக்குப் போகிறது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தை இழந்தவன் பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயமானதுதான்.

சிதம்பரம் செட்டியார் தொழிலுக்கு வந்தது இந்தச் சமயத்தில். அவருடைய அப்பா சர் முத்தையா செட்டியார் சென்னையில் செல்வாக்கோடு இருந்தவர். அவர் காலமானபோது மகனுக்கு இருபதை ஒட்டிய வயது. அந்த வயதில் பெரிய விலாசமும் அதன் கடல் கடந்த கணக்குகளும் தலையில் வந்து விழுகின்றன. மற்றவர்கள் செய்தது போல நிலத்தை வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குடும்பப் பணத்தை, பங்கு போட்டுப் பதிவு செய்த கம்பெனிகளுக்குள் கொண்டுபோனார். அவருடைய தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இந்த முடிவைத்தான். விலாசம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து குடும்பத்தோடு சாகும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் விலாசமும் உடையும். கம்பெனிக்கு அந்த விதி இல்லை.

1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன். ஒரு வங்கிக்காரனாக இந்த மூன்று பெயரையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். காரைக்குடி, சேமிப்புப் பணம் இருக்கும் இடம். ரங்கூன், கடன் கேட்பவர்கள் இருக்கும் இடம். சென்னை, சட்டமும் அரசாங்கமும் பெரிய வியாபாரமும் இருக்கும் இடம். செட்டியார்களின் பணம் எந்த வழியில் ஓடியதோ அந்த வழியிலேயே கிளைகளை வைத்தார். அதே வருடம் ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரிந்தது. நேற்றுவரை உள்நாடாக இருந்த ரங்கூன் வெளிநாடாகிவிட்டது. சீக்கிரமே பினாங்கிலும், அப்புறம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் வந்தன. பினாங்கு ஏன் முந்தியது என்பது நம் பெரியவர்களுக்குச் சொல்லாமலே புரியும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா கப்பலில் வந்தவர்கள் முதலில் கால் வைத்த மலாயா துறைமுகம் அது.

இந்த வங்கியின் முக்கியத் தொழில் அந்நியச் செலாவணி. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அவருடைய கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. அப்போது மலாயா வெள்ளி (டாலர்) 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக 100 வெள்ளிக்குச் சுமார் 155 ரூபாய். இரண்டு பக்கமும் விலை அசையாத செலாவணி என்பதால், மதிப்பு ஏறுமா இறங்குமா என்று சூதாட வேண்டியதில்லை. பினாங்கில் துணி விற்றவர் சென்னைக்குப் பணம் அனுப்ப வேண்டும். சென்னையில் உள்ளவர் பினாங்கில் வெங்காயமும் மிளகாயும் இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளை வைத்திருக்கும் வங்கி, இங்கே வெள்ளியை வாங்கி அங்கே ரூபாயைக் கொடுத்து, அங்கே ரூபாயை வாங்கி இங்கே வெள்ளியைக் கொடுத்து, நடுவில் ஒரு சின்ன வித்தியாசத்தை லாபமாக எடுத்துக்கொள்ளும். பணம் கடலைத் தாண்ட வேண்டியதே இல்லை, கணக்குதான் தாண்டுகிறது. நிலத்தை அடமானம் வாங்காமல், யாருடைய வயலையும் பறிக்காமல், மூன்று மாதத்துக்குள் திரும்பி வரும் பணம். 1930-களின் அடிக்கு அதைவிட நல்ல மருந்து என்ன இருக்கிறது? கிட்டங்கிக்காரர்கள் உண்டியல், அதாவது இன்னொரு ஊரில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, எழுதி இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள்தான். அவர் அதற்கு வங்கி உடுப்புப் போட்டு, வெள்ளைக்காரச் செலாவணி வங்கிகளின் பக்கத்திலேயே கவுண்டர் திறந்தார்.

அவர் தோட்டத் தொழிலாளிக்காக இந்த வங்கியைத் திறந்தாரா என்று கேட்டால், இல்லை. நம் ஆட்களில் சிலர் பெருமைக்காக அப்படிச் சொல்கிறார்கள், அது சரியல்ல. வாடிக்கையாளர்கள் வியாபாரிகளும் நகரத்தாரும்தான். பால் வெட்டியவர் ஊருக்குப் பணம் அனுப்பியது தபால் நிலையத்தில், கிராணியார் எழுதிக் கொடுத்த மணியார்டரில். சேமித்தது தங்கத்தில், கூட்டுச் சீட்டில், கொஞ்சம் பேர் தபால் நிலையச் சேமிப்பில். தமிழன் நடத்தும் வங்கிக்குள் தமிழ்த் தொழிலாளி தயங்காமல் நுழைய இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. ஆனாலும் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கவுண்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. தமிழ் பேசும் எழுத்தர்கள், காசாளர்கள், மேலாளர்கள் என்று ஒரு வரிசையே அதனால் உருவானது. தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாம் பாரம் முடித்து வங்கி வேலைக்கு மனு போட்ட காலத்தில், அந்த வரிசையில் இருந்தவர்கள்தான் எங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் வந்ததும் ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் கையைவிட்டுப் போயின. சிங்கப்பூர் கிளை மட்டும் 1942-இல் ஜப்பானியர் மேற்பார்வையில் மறுபடி இயங்கியது. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் நம் ஆட்கள் செத்த வருடங்கள் அவை. கடன் வாங்கியவர்கள், ஜப்பான்காரன் அச்சடித்த, மதிப்பிழந்த வாழைமர நோட்டில் பழைய கடனை அடைத்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது செல்லுமா, எவ்வளவு செல்லும் என்று தீர்க்க 1948-இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. பல கிட்டங்கிகள் அந்த அடியிலிருந்து எழவே இல்லை. 1951-இல் வட்டித்தொழில் சட்டமும் வந்து, உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பதற்கும் இஷ்டத்துக்கு வட்டி வாங்குவதற்கும் கடிவாளம் போட்டது.

வங்கி எழுந்தது. இந்தியா விடுதலை அடைந்தபோது ஐஓபிக்கு உள்நாட்டில் 38 கிளை, வெளிநாட்டில் 7 கிளை. வைப்புத்தொகை 6 கோடியே 64 லட்சம் ரூபாய், கொடுத்திருந்த கடன் 3 கோடியே 23 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் கவனியுங்கள். வாங்கிய பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கடனாகப் போயிருக்கிறது. பத்து வருடத்தில் மந்தமும் போரும் பார்த்த வங்கி எவ்வளவு நிதானமாக நடந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1947-இல் பாங்காக்கிலும் கிளை திறந்தார்கள்.

இன்னொரு பக்கம் அவர் காப்பீட்டில் இறங்கினார். யுனைடெட் இந்தியா என்ற பெயரில் ஆயுள் காப்பீடும், 1938-இல் தீ மற்றும் பொதுக் காப்பீடும். கேரளாவில் பெரும்பாவூரில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தொடங்கினார். 1950-இல் அங்கே உற்பத்தி ஆரம்பித்தது. இந்தியாவில் ரேயான் நூல் எடுத்த முதல் ஆலை அது. வங்கி, காப்பீடு, ஆலை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம் தெரிகிறது. காப்பீட்டில் வரும் பணம் இருபது, முப்பது வருடம் தங்கும். அதைத்தான் கட்டடத்திலும் ஆலையிலும் போடலாம். வங்கியில் வரும் பணம் நாளைக்கே திருப்பிக் கேட்கப்படலாம். அதை வியாபாரக் கடனாகக் குறுகிய காலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து போட்டதுதான் கிட்டங்கிகளைக் கவிழ்த்தது. மேம்பணத்தை வாங்கி வயலில் போட்டுவிட்டார்கள். இந்த வேறுபாட்டைத் தன் தொழிலில் பிரித்து வைத்தவர் அவர் என்பது என் கணிப்பு. கடன் பிரிவில் இருந்தவர்களைக் கேளுங்கள், வங்கித் தொழிலில் இதற்கு மேல் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை என்பார்கள்.

சென்னை மவுண்ட் ரோடில் இருக்கும் எல்ஐசி கட்டடம் உங்களுக்குத் தெரியும். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து இறங்கியதும் காட்டுவார்களே, அதுதான். அது சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக 1950-களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்தது. நம் தாத்தாமார் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்தபோது வாயைப் பிளந்து பார்த்த அந்தக் கட்டடத்தின் கதையும் இவரோடு சேர்ந்தது.

அவர் அதை முடித்துப் பார்க்கவில்லை. 1954 மார்ச் 13 அன்று சிட்னியிலிருந்து லண்டன் போகும் பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானம், சிங்கப்பூர் காலாங் நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தட்டித் தீப்பிடித்தது. 40 பேரில் 33 பேர் இறந்தார்கள். அதில் அவரும் ஒருவர்.

அவருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1956-இல் இந்திய அரசு ஆயுள் காப்பீட்டை எடுத்துக்கொண்டது. கட்டடம் எல்ஐசிக்குப் போய், 1959-இல் திறக்கப்பட்டது. 1963-இல் பர்மா அரசு வங்கிகளைத் தேசியமயமாக்கியது, ரங்கூன் கிளை அதோடு போயிற்று. 1969 ஜூலை 19-இல் இந்தியா 14 வங்கிகளை அரசுடைமையாக்கியது, ஐஓபி அதில் ஒன்று. அப்போது உள்நாட்டில் 195 கிளைகள். குடும்பத்துக்கு இது இழப்புதான். ஆனால் விலாசமாகவே வைத்திருந்தால் பர்மாவில் பணத்தைத் தொலைத்த மற்றக் குடும்பங்களின் கதிதான் வந்திருக்கும். வங்கி யார் கைக்குப் போனாலும், பணம் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. வங்கி நடத்துகிறவனை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

அவர் இறந்த பிறகு, மலேசியாவில் நம் ஆட்கள் இதே போன்ற ஒரு காரியத்தைச் செய்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட, தொழிலாளர்கள் லயத்தைவிட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தது. அப்போது மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள் என்று கேட்டு, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். செட்டியார் நகரத்தாரின் பணத்தைத் திரட்டி நிறுவனமாக்கினார். சம்பந்தன் பால் வெட்டுகிறவர்களின் பணத்தைத் திரட்டினார். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்து மக்கள் சார்பில் பார்த்தால், இரண்டாவதுதான் நமக்கு நெருக்கம்.

கடைசியாக, ஐஓபி நம் நாட்டில் ஏன் மறைந்தது. இந்திய அரசு அதை எடுத்துக்கொண்டதும் இங்கே சிக்கல் வந்தது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி மலேசியாவில் இயங்கக் கூடாது என்பது அப்போது இங்கே இருந்த வங்கிச் சட்டம். ஐஓபியோடு, 1941-இலிருந்து இங்கே இருந்த இந்தியன் பேங்கும், 1948-இலிருந்து இருந்த யுனைடெட் கமர்ஷியல் பேங்கும் அதே நிலைமையில். மூன்றும் சேர்ந்து 1973-இல் யுனைடெட் ஏசியன் பேங்க் என்ற மலேசிய வங்கியாயின. உங்கள் பாட்டி கணக்குத் திறந்தது அந்தக் காலத்தில்தான். 1980-களின் நடுவில் பொருளாதார மந்தம் வந்தபோது அந்த வங்கி பெரிய நஷ்டத்தில் மாட்டியது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. 1991-இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. 1999-இல் அதுவும் பேங்க் பூமிபுத்ராவும் சேர்ந்து பூமிபுத்ரா காமர்ஸ். 2006-இல் சிஐஎம்பி.

ஐஓபி என்ற பெயர் இன்னொரு வழியில் திரும்பி வந்திருக்கிறது. 2012-இல் பேங்க் ஆஃப் பரோடா, ஐஓபி, ஆந்திரா பேங்க் மூன்றும் சேர்ந்து கோலாலம்பூரில் ‘இந்தியா இண்டர்நேஷனல் பேங்க்’ என்ற வங்கியைத் திறந்தன. அது மலேசியாவில் பதிவு செய்த கம்பெனி. தொடங்கும்போது ஐஓபியின் பங்கு 35 விழுக்காடு. பெரும்பாலும் வியாபார நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கும் சிறிய வங்கி அது. இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் நடக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்குப் பணம் புரட்டிக் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை.